மறுவாழ்வு இல்லத்தில் ஊழியம்: வடசென்னையின் புதிய தன்னார்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு மதியம் பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கும் சபைகளுக்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வருவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள ஆண்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்துக்கு எட்டு ஆண்டுகளாக வாரம் ஒரு மாலை போய்வருகிறேன். இதுவரை முப்பது பேரையாவது உடன் அழைத்துப் போயிருப்பேன். ஓராண்டைத் தாண்டி நின்றவர்கள் ஆறு பேர். விட்டுப்போனவர்களுக்குப் பக்தி குறைவு என்று சொல்லமாட்டேன். பத்தாவது வாரம் செய்யவேண்டியதை முதல் வாரமே செய்யப் பார்த்தார்கள். எதை எதற்குப் பின் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

1. இல்லத்தை விசாரியுங்கள்

சபை ஓர் இல்லத்துக்குப் போகிறது என்று தெரிந்தால், சபையிலுள்ள குடும்பங்கள் அதை நம்பித் தங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும் என்பதால் விசாரணைதான் முதல் வேலை.

மது, போதைப்பொருளால் வரும் பாதிப்பும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சிகிச்சை தரும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். ஒருவரைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. கட்டாய மொட்டைக்கும் கட்டாய வேலைக்கும் அதில் இடமில்லை. “நாலு அடி போட்டால்தான் திருந்துவான்” என்று நிர்வாகி சிரித்துக்கொண்டே சொன்னால், நீங்களும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். திரும்பிப் போகவேண்டாம்.

மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், மாத்திரை யார் கையில் இருக்கிறது, இரவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் எந்த வண்டியில் எங்கே கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். பிறகு கழிவறையைப் போய்ப் பாருங்கள். உட்தாழ்ப்பாள் பாதுகாப்புக்காக இல்லாமல் இருக்கலாம்; கதவே இல்லையென்றால் அது வேறு விஷயம்.

2. கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. உள்ளே இருப்பவர்களின் உடம்புக்குள்ளும் அந்தக் கடிகாரம்தான் ஓடுகிறது. வேலை முடிந்து கூலி கைக்கு வந்து கால்கள் தாமாகக் கடைப்பக்கம் திரும்பிய நேரம் மாலை ஐந்தரை முதல் எட்டு. அப்போதுதான் அவர்கள் வராந்தாவில் முன்னும் பின்னுமாக நடப்பார்கள், சாம்பார் சரியில்லை என்று சண்டை பிடிப்பார்கள். நீங்கள் போகவேண்டிய நேரமும் அதுதான். ஞாயிறு காலை உங்களுக்கு வசதி. அவர்களுக்கு அன்று ஏற்கெனவே மூன்று கூட்டம் இருக்கும்.

வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மூன்று மாதம் என்று வாக்குக் கொடுங்கள். வாழ்நாள் முழுவதும் என்று உணர்ச்சிவசப்பட்டு மேடையில் அறிவித்தவர்கள் நாலாவது வாரம் மழை என்று வரவில்லை. உள்ளே இருப்பவர் வாழ்நாளெல்லாம் பிறருக்கு வாக்குக் கொடுத்து மீறியவர். வாக்கு மீறல் எப்படி இருக்கும் என்று அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஏமாறும்போது மற்றவர் விழித்திருப்பார். நீங்களே குடியிலிருந்து மீண்டவர் என்றால் முழுதாக ஓராண்டு கடந்தபின் வாருங்கள். உங்கள் வீட்டில் இப்போது ஒருவர் குடித்துக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள். தம்பிமேல் இருக்கும் கோபம் யாரோ ஒருவர்மேல் இறங்கிவிடும்.

3. பையைக் காலி செய்யுங்கள்

இல்ல வாசலில் உங்கள் பையைச் சோதிப்பார்கள். அதை அவமானமாக நினைக்கவேண்டாம். சானிடைசர், ஷேவிங்குக்குப் பின் பூசும் திரவம், வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் டானிக், பெயின்ட் தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், வலி மாத்திரை, உங்கள் சொந்தத் தூக்க மாத்திரை ஆகிய எதுவும் உள்ளே போகக்கூடாது. மாவா, ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, மற்றவை அவர்களில் சிலர் விட்டுவிட வந்த பொருள்களே.

நான் தவறியது பையில் அல்ல, டப்பாவில். இரண்டாவது ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பெரம்பூரில் உறவினர் வீட்டில் செய்த பிளம் கேக்கைக் கொண்டுபோனேன். பழங்களை ஒரு மாதம் ரம்மில் ஊறவைத்து, சுட்ட பிறகும் மேலே ரம் தெளித்த கேக் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. குடியை விடுவதற்காகத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மூன்று துண்டு தின்றார். சற்று நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஆல்கஹால் சேர்ந்தால் முகச்சிவப்பு, வாந்தி, படபடப்பு வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இப்படி நேரலாம். அன்றிரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோது என் கையில் கேக் டப்பாவின் மூடி இருந்தது. ஏன் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று தெரியவில்லை.

ஆகவே எதைக் கொண்டுபோவதாக இருந்தாலும் முந்தின நாளே வார்டனிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது குளியல் சோப்பு, பற்பசை, லுங்கி, கொசுவலை.

4. முதல் நான்கு வாரம் பேசாதீர்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் படி இது. முதல் நாளே வேதாகமத்தைத் திறந்து கெட்ட குமாரன் கதையை எடுப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒருவர் ஆறு மாதத்தில் அந்தக் கதையைப் பதினொரு முறை கேட்டிருந்தார். பன்னிரண்டாவது முறை, “அந்த மூத்த மகனைப் பற்றி யாராவது பேசுங்கள் ஐயா, என் அண்ணன் அப்படித்தான் இருக்கிறார்” என்றார். பிரசங்கித்தவருக்குப் பதில் இல்லை.

முதல் மாதம் சமையலறைக்குப் போங்கள். வெங்காயம் உரியுங்கள், கீரை ஆயுங்கள், தட்டு கழுவுங்கள். நேருக்கு நேர் நாற்காலியில் உட்கார்ந்து “சொல்லுங்கள் அண்ணா, எப்போது ஆரம்பித்தது?” என்று கேட்டால், போலீசுக்கும் மனைவிக்கும் இல்லத்தில் ஆலோசனை தரும் கவுன்சிலருக்கும் சொல்லிப் பழகிய கதைதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து இருவர் கண்ணும் வெங்காயத்தில் இருக்கும்போது வருவது வேறு கதை.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்படி ஒரு தடைக்காலத்தில் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மூன்று வாரம் என்னோடு பூண்டு உரித்தார். ஒரு சொல் பேசவில்லை. கை நடுக்கத்தில் பூண்டுப்பல் நழுவி நழுவி விழும், எடுத்து மறுபடி உரிப்பார். நாலாவது வாரம் வார்டன் கிழிந்த வாலிபால் வலையைக் கொண்டுவந்து போட்டார். அவர் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைக் கேட்டு வாங்கி, வார்டன் பக்கத்தில் நிற்கவே கத்தியால் சீவி, வலை ஊசி செய்தார். நைலான் நூலைச் சுற்றினார். முதல் கண்ணியில் முடிச்சு விழுந்ததும் அந்தக் கை நடுங்குவதை நிறுத்தியது. நாற்பது கண்ணி முடிப்பதற்குள் தம்பி படகிலிருந்து தவறி விழுந்ததையும், அன்று தான் போதையில் கீழ்த்தட்டில் கிடந்ததையும் சொல்லிவிட்டார். நான் கேட்டது ஒன்றுமில்லை. நூல் கண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு சிறு எச்சரிக்கை: அவர்களை “கேஸ்”, “பேஷன்ட்” என்று அழைக்காதீர்கள். வயதுக்கு ஏற்ப அண்ணா, தம்பி, ஐயா போதும். உங்களை அவர்கள் “பிரதர்” என்பார்கள். அதற்குள் மரியாதையும் இருக்கும், சில சமயம் கிண்டலும் இருக்கும்.

5. உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ஜெபத்தைத் தொடங்குமுன் இதைப் படியுங்கள். நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும். இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊரும், செத்துப்போன அம்மா கூப்பிடுவார். இது உயிரைப் பறிக்கக்கூடிய நோய்நிலை. ஒரு முறை புதிதாக ஊழியத்துக்கு வந்த ஒரு தம்பி இதைப் பிசாசின் பிடி என்று எண்ணி, நெற்றியில் எண்ணெய் தடவி அரை மணி நேரம் அதட்டிக்கொண்டிருந்தார். அந்த அரை மணி நேரம் மருத்துவருக்கு உரியது.

இப்படிப்பட்டவர் முதலில் மருத்துவமனையில் இருக்கவேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம் இருக்கிறது. அவசரம் என்றால் 108. உடம்பு தேறிய பிறகே இல்லம், அதற்குப் பிறகே நீங்கள்.

உங்கள் கண் முன்னால் வலிப்பு வந்தால் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிக்காதீர்கள். வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் மற்றொன்று வந்தாலோ உயிருக்கு ஆபத்து. வலிப்பு என்றதும் கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். அதனால்தான் இரண்டு பேராகப் போகச் சொன்னேன்.

“விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?” என்று எந்த நாளும், வேடிக்கைக்குக்கூடச் சொல்லவேண்டாம். அதை ஒருவர் நம்பி நிறுத்திவிடுவார்.

6. ஜெபமும் பாடமும்

ஐந்தாவது வாரம் அவர்களே கேட்பார்கள். கேட்காவிட்டால் எட்டாவது வாரம் நீங்கள் கேளுங்கள். இருபது நிமிடத்துக்குமேல் வேண்டாம். மருந்து சாப்பிடுபவரால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியாது. தூங்கி விழுந்தால் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள்.

இல்லத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருப்பார்கள். சாப்பாட்டுக்கு முன் கட்டாய ஜெபம் வைக்காதீர்கள். வராதவருக்கும் அதே தேநீர், அதே பிஸ்கட். மனந்திரும்பியவர்கள் கைதூக்குங்கள் என்று சொல்லிக் கணக்கெடுக்கும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நல்ல பெயர் வாங்கினால் சீக்கிரம் வீட்டுக்கு விடுவார்கள் என்று நம்பும் மனிதர், நீங்கள் எதற்குக் கைதூக்கச் சொன்னாலும் தூக்குவார். அந்தக் கணக்கு யாருக்கும் உதவாது. சபை அறிக்கையில் வேண்டுமானால் நன்றாக இருக்கும்.

திருவிருந்து நடத்தப் போதகரை அழைத்தால் புளிக்காத திராட்சரசம்தான் என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். பொதுவான பாத்திரத்தில் ஒயின் கொடுப்பது சபையின் வழக்கமாக இருந்தாலும் இங்கே கூடாது. கேக் கதை நினைவிருக்கட்டும்.

தான் மீண்ட கதையைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல வைப்பது வேறொரு கண்ணி. மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவரைக் கன்வென்ஷன் மேடையில் ஏற்றினால், மறுநாள் காலை அவர் தெருவே அவரை உற்றுப் பார்க்கும். தவறினால் அதே தெருவில் முகம் காட்ட முடியாமல் இன்னும் ஆழமாகக் குடிப்பார். கேட்ட கூட்டத்தில் அவர் மகளின் வகுப்புத் தோழியின் அம்மாவும் இருந்திருப்பார். படம் எடுப்பதும் அப்படியே. சிகிச்சையில் இருப்பவரின் விவரங்களை ரகசியமாக வைக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் வேண்டுமென்றால் நீங்கள் உரித்த வெங்காயத்தை எடுத்து அனுப்புங்கள்.

7. பணம், போன், கடிதம்

உங்கள் போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்காதீர்கள், கடன் வாங்காதீர்கள். வெளியே யாருக்கும் செய்தி கொண்டுபோகாதீர்கள். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரே ஒரு நிமிடம் பேசிக்கொள்கிறேன் பிரதர்” என்று கண் கலங்கக் கேட்பார். அம்மாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அப்போதும் கவுன்சிலரிடம் அழைத்துப்போவதே உங்கள் வேலை. ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால், இரவுக்குள் முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். அடுத்த வாரம் உங்களிடம் பேச வருபவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

8. வீட்டார்

பார்வையாளர் நாளில் வரும் மனைவியிடம், “மன்னித்துவிடுங்கள் அம்மா, அவர் மாறிவிட்டார்” என்று சொல்லாதீர்கள். பாத்திரம் பண்டத்தை அடகு வைத்தவர் அவர், அடி வாங்கியவர் அவர். மன்னிப்பது எப்போது என்று அவரே பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்யக்கூடியது, அவர் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தையை வராந்தாவில் வைத்து விளையாட்டுக் காட்டுவது. குடிப்பவர்களின் குடும்பங்களுக்கென்று அல்-அனான் கூட்டங்கள் நடப்பதை ஒரு சகோதரியைக் கொண்டு சொல்லச் செய்யலாம். ஆண்கள் தங்கும் அறைப்பக்கம் பெண் தன்னார்வலர்களை அனுப்பாதீர்கள். குடும்பங்களைச் சந்திக்கும் இடத்தில் அவர்கள் கட்டாயம் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: கணவருக்குத் தெரியாமல் குழம்பில் “குடி மறக்கும் மாத்திரை” கலப்பது கொலைக்குச் சமமான ஆபத்து. அது பெரும்பாலும் மேலே சொன்ன டைசல்ஃபிரம்தான். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் குடிப்பார்.

9. வெளியேறும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தயாராகுங்கள்

எல்லோரும் வழியனுப்பு விழாவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊழியத்தின் கடினமான பகுதி அதற்கு மறுநாள் தொடங்குகிறது.

அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் வழி வரையுங்கள். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு எந்தத் தெருவழியாகப் போவார்? வழியில் எத்தனை கடை? சுற்றிப்போக வேறு தெரு உண்டா? இது சிறுபிள்ளை விளையாட்டுபோலத் தோன்றும். செய்து பாருங்கள், எந்த முனையில் தன் வேகம் குறையும் என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார்.

கூலி கைக்கு வரும் நாளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். கடலுக்குப் போகிறவர் என்றால் பங்குப் பணம் பிரிக்கும் இடத்திலேயே பாட்டிலும் திறக்கும். ஆகவே முதல் சில மாதம் கரை வேலை கிடைக்குமா என்று பாருங்கள். வலை பழுதும் ஐஸ் வேலையும் அவருக்குத் தெரிந்தவைதான். மாலை ஆறு முதல் எட்டு வரை எங்கே இருப்பார் என்பதைக் கிழமை வாரியாக எழுதுங்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. கூட்டம் ஒரு நாள், உங்களோடு தேநீர் ஒரு நாள், மகனுக்கு டியூஷன் கொண்டுபோய் விடுவது ஒரு நாள். உங்கள் எண்ணை இப்போது, கவுன்சிலருக்குத் தெரிவித்துவிட்டு, கொடுக்கலாம்.

வலி மாத்திரையோ ஊசியோ பயன்படுத்தியவருக்கு இன்னொரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் நிறுத்தியபின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. “ஒரே ஒரு முறை” என்று பழைய அளவையே எடுத்தவர்கள் மூச்சு அடங்கி இறந்திருக்கிறார்கள். இதை அவரிடமும் வீட்டாரிடமும் நேராகச் சொல்லுங்கள். சொன்னால் நினைவுபடுத்தியதாகிவிடுமோ என்று பயந்து மூடிவைக்காதீர்கள்.

10. மறுபடி குடித்துவிட்டு வந்தால்

வருவார்கள். இரவு பத்தரை மணிக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார், அல்லது அவர் மனைவி போன் செய்வார். அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். காலையில் அவருக்கு அதில் ஒரு வரிகூட நினைவிருக்காது. உங்கள் குரலில் இருந்த வெறுப்பு மட்டும் எப்படியோ தங்கிவிடும். கையில் அல்லது தலையில் அடி இருக்கிறதா, ரத்த வாந்தி எடுத்தாரா, எழுப்பினால் எழுகிறாரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் 108. இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, யாரையாவது பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

மறுநாள் காலை கவுன்சிலரிடம் சொல்லுங்கள். திரும்பச் சேர்ப்பதா, வெளியிலிருந்தே சிகிச்சையா என்று அவரும் மருத்துவரும் முடிவு செய்வார்கள். இல்லத்தில் இடம் இல்லையென்றால் 14446 என்ற போதை மீட்பு இலவச உதவி எண்ணிலும் 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் கேட்கலாம். உங்கள் ஜெபக்குழுவில் அவர் பெயரைச் சொல்லவேண்டாம். “ஒரு சகோதரருக்காக” என்றால் போதும்.

வலை பின்னிய அந்த மனிதர் இரண்டு முறை திரும்பி வந்தார். இரண்டாம் முறை வந்த அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் வந்து, மனையைத் தானே எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூண்டு முறத்தை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தேன். கை மறுபடி நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று மொத்தம் ஒரு கிலோ உரித்தோம்.